சாப்பிட வாருங்க

கிட்ட வந்து உட்காருங்கள் மக்களே. மடியில் பிள்ளை இருந்தால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். கடற்கரை ஊரான இனயத்து டெல்சிக்கு ஒரு சாயங்காலம் நடந்ததைச் சொல்லப்போகிறேன்.

அவள் மகள் ஜெபிலாவுக்கு ஆறு வயது. கண் பரிசோதனைக்கு நாகர்கோவில் வந்திருந்தார்கள். மறுநாள் காலையிலும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்பதால், கடைகளும் வங்கிகளும் நெருக்கியடித்த தெருவில் ஓர் ஓட்டலின் மூன்றாம் மாடியில் டெல்சி அறை எடுத்தாள். சொட்டுமருந்து விட்ட கண்ணில் பிள்ளைக்கு எல்லாம் மூடுபனி. அம்மாவையே மணத்தாலும் குரலாலும்தான் அறிந்தாள்.

நாலு மணிக்கு, கொண்டுவந்த மரச்சீனிக்கிழங்கையும் மீன்கறியையும் தரையில் இரண்டு வாழையிலைத் துண்டுகளில் வைத்தாள். வராந்தாவில் நடந்துவந்த காலடி ஒன்று அவர்கள் கதவுக்கு வெளியே நின்றது. நின்றது நகரவில்லை. இனயத்தில் வாசலில் ஆள் நிற்கும்போது அவரைக் கூப்பிடாமல் ஒருவரும் சோற்றில் கை வைக்கமாட்டார்கள். அந்தப் பழக்கத்தில், யாரென்று கேட்காமலே சொல்லிவிட்டாள்.

"வாருங்க, சாப்பிடலாம்."

கதவு திறக்கவில்லை. காலடி திரும்பிப் போகவும் இல்லை.

ஏசி ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தது. கீழே பஸ்களின் ஆரன் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல மங்கிக் கேட்டது. பினாயில் வாசனைக்கு நடுவே, காலையில் டெல்சி தன் தலையில் தேய்த்திருந்த வெட்டிவேர் போட்ட எண்ணெயின் மணம், அவளிடமிருந்து அல்ல, ஒருவரும் படுக்காத மற்றக் கட்டிலிலிருந்து மெல்ல எழுந்து வந்தது. அவள் பயத்தை மென்று விழுங்கினாள். சாப்பிட்டு முடித்து, கை கழுவக் குளியலறைக்குப் போனாள்.

அறைக்குள் பிள்ளை சிரித்துப் பேசும் சத்தம் கேட்டது.

"ஏட்டி, ஆருகிட்ட பேசுத?"

"உன்கிட்டத்தான். உன் கை என்னம்மா இப்படிக் குளிருது?"

டெல்சியின் கை குழாயடியில் இருந்தது.

ஓடிவந்தாள். இரண்டு கட்டிலும் காலி. கதவு சாத்தியிருந்தது. தரையில் மூன்று இலை. மூன்றாவதில் முள் மட்டும்.

கதவை இழுத்தாள். வரவில்லை. போனை எடுத்துக் கீழே வரவேற்பை அழைத்தாள்.

"என் பிள்ளைய காணல. முன்னூத்தி நாலுல இருந்து பேசுறேன்."

"மேடம், இப்பதானே பிள்ளையையும் கூட்டிட்டுச் சாவிய தந்துட்டுப் போனிய?" வரவேற்புப் பெண்ணின் குரல் தாழ்ந்தது. "அந்த ரூம்ல இப்ப ஆரு இருக்கா?"

ஜன்னல். திறக்காத கண்ணாடி. கீழே வெயில். சனம். சனத்துக்குள் ஜெபிலா. பச்சைச் சேலை கட்டிய ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு.

டெல்சி குனிந்து தன் சேலையைப் பார்த்தாள். அதே பச்சை.

கண்ணாடியில் அடித்தாள். சத்தம் வரவில்லை. மறுபடியும் அடித்தாள்.

கீழே அந்தப் பெண் குனிந்து, பிள்ளையின் கண்ணை முந்தானையால் பதமாகத் துடைத்துவிட்டாள். பிறகு நிமிர்ந்து மூன்றாம் மாடியைப் பார்த்தாள்.

டெல்சியின் முகம்.

உங்கள் வீட்டு வாசல் நன்றாக இருக்கட்டும், கண்ணுகளா. போட்ட இலையும் உண்டு எழுந்த ஆளும் என்றைக்கும் ஒத்திருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் பிடிக்கும் கை எப்போதும் சூடாக இருக்கட்டும்.