எண்ணூரில் உம்மா

வாரத்தில் எனக்கு ஆறு நாள் பிடிக்காது. பிடித்தது ஞாயிறு மட்டும்தான். அதிலும் பாதியை என் தம்பி ஹபீபு கெடுத்துவிடுவான்.

மற்ற நாட்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வகுப்பில் நான்தான் குள்ளம் என்று முதல் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். பின்னால் யார் பேசினாலும் டீச்சர் கண்ணில் முதலில் படுவது நான்தான். "அஜீசா, எழுந்து நில்!" என்பார். பேசியவள் பின்னால் சமர்த்தாக உட்கார்ந்திருப்பாள்.

துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் நாட்கள் இன்னும் மோசம். அன்று ராயபுரத்து மாடிகளில் காய்கிற துணியெல்லாம் புள்ளி புள்ளியாகிவிடும். போன திங்கட்கிழமை என் வெள்ளைச் சட்டையைப் பார்த்துவிட்டு டோரதி கேட்டாள்:

"உன் சட்டைக்கு அம்மை போட்டிருக்கா?"

டோரதி என் சிநேகிதிதான். அவள் அப்பா ரயிலில் வேலை பார்க்கிறார். அதனால் லீவு விட்டால் அவள் எண்ணூர் போய்விடுவாள். அங்கே கழியில் இறங்கிக் குளிப்பாளாம். கழி என்றால் கடலோடு சேர்கிற உப்புத் தண்ணீர். அலை இருக்காது. "தண்ணி எனக்கு இதுவரைக்கும் வந்தது, தெரியுமா?" என்று ஒவ்வொரு முறையும் கழுத்தைத் தொட்டுக் காட்டுவாள்.

எனக்கு வயிறு எரியும். நேரே வீட்டுக்குப் போய் வாப்பாவிடம் நிற்பேன்.

"வாப்பா, எண்ணூர் எப்போ?"

"அடுத்த வாரம்மா."

வாப்பாவுக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கயிற்றுக் கடை. அவர் சொல்கிற அடுத்த வாரம் எந்த நாட்காட்டியிலும் கிடையாது. ஆனால் இந்த முறை அதிசயம் நடந்துவிட்டது. வாப்பாவின் நண்பர் ஒருவர், எண்ணூரில் கழிக்கரையை ஒட்டிய தன் வீட்டின் சாவியைக் கொடுத்து, "சனி ஞாயிறு பிள்ளைகளோடு போய் இருந்துவிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார்.

நானும் ஹபீபும் குதித்தோம். உம்மா குதிக்கவில்லை. உம்மா பெட்டியைத் திறந்து இரண்டு வெள்ளை விரிப்புகளை எடுத்து, நீளவாட்டில் சேர்த்துத் தைக்க ஆரம்பித்தார். ஓரத்தில் மூங்கில் கம்பு நுழைய வளையம் வளையமாக நாடாவும் வைத்துத் தைத்தார்.

"எதுக்கு உம்மா இது?"

"மறைப்புக்கு."

"எதை மறைக்க?"

உம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "என்னைத்தான். நானும் தண்ணியிலே எறங்கணும்லே."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். ராத்திரி அலைச் சத்தம் ஜன்னல் வரை வரும். ஆனால் உம்மா அதில் காலை நனைத்து நான் பார்த்ததே இல்லை. வெளியே போனால் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, திரை கட்டிய ரிக்‌ஷாவில்தான் போவார். கடற்கரையில் ஆட்கள் இல்லாத நேரம் ஏது?

அந்த வாரம் முழுவதும் உம்மா என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். "கழித் தண்ணி சில்லுனு இருக்குமா? டோரதி என்ன சொன்னா?"

"சில்லுனுதான் இருக்குமாம். நான் உங்க கையைப் பிடிச்சுக்கறேன் உம்மா. பயப்படாதீங்க."

"சரிம்மா" என்று உம்மா சிரித்தார்.

சனிக்கிழமை அரைநாள் பள்ளிக்கூடம் முடிந்ததும் ரயில் ஏறினோம். வாப்பாவின் தம்பி ஷாகுல் சாச்சாவும் வந்தார். அவர் கையில் பெரிய தேக்சா. பிரியாணி சமைக்கிற பாத்திரம். அதைக் கீழே வைக்கவே மாட்டேன் என்று மடியில் வைத்துக்கொண்டு வந்தார். திருவொற்றியூரில் தொழிற்சாலைப் புகைபோக்கிகளைப் பார்க்க எட்டிய ஹபீபின் தலை தேக்சாவில் 'ணங்' என்று மோதியது. சாச்சா பதறிப்போய்த் தேக்சாவைத்தான் தடவிப் பார்த்தார்.

வெளியூர் போனால் எங்கள் வீட்டில் ஆண்கள்தான் சமைப்பார்கள். பெண்களுக்கு அன்று அடுப்படியிலிருந்து விடுதலை. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சாச்சா மரத்தடியில் கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டிவிட்டார். பக்கத்தில் போன ஈயைக்கூட அதட்டினார்.

திட்டம் இதுதான். சாப்பிட்டு முடித்ததும் வாப்பாவும் சாச்சாவும் தொழுதுவிட்டுச் சவுக்குத்தோப்புப் பக்கம் போய்விடுவார்கள். கழியின் எதிர்க்கரையில் தாழம்புதர்தான், ஆள் நடமாட்டம் கிடையாது. இந்தக் கரையில் மட்டும் ஒரு நடைபாதை. அதை மறைத்துத் துணியைக் கட்டிவிட்டால், கழி முழுக்க உம்மாவுக்குத்தான்.

நானும் உம்மாவும் மூங்கில் கம்புகளை ஊன்றிவிட்டு வந்தோம். உம்மா தைத்த துணியைக் காணோம்.

அப்போது மரத்தடியிலிருந்து புகை வந்தது. சாச்சாவின் குரலும் வந்தது.

"ஒண்ணும் ஆகலை! யாரும் பயப்படாதீங்க! பிரியாணிக்கு ஒண்ணும் ஆகலை!"

ஓடினோம். பிரியாணிக்கு ஒன்றும் ஆகவில்லைதான். ஆனால் தம் போடும்போது தேக்சாவின் வாயில் ஈரத்துணி கட்டி, மூடி போட்டு, மூடி மேல் நெருப்புக் கங்குகளை வைப்பார்கள் அல்லவா? துணி கொண்டுவர மறந்துபோன சாச்சா, கண்ணில் பட்ட வெள்ளைத் துணியை எடுத்துக் கட்டியிருக்கிறார். வாயை மூடியது போக மிச்சம் தரையில் கிடந்தது. கங்கு சரிந்து அதன் மேல் விழுந்துவிட்டது.

உம்மா தைத்த மறைப்பில் இப்போது ஓர் ஆட்டுக்குட்டி புகுந்து போகிற அளவுக்கு ஓட்டை. மீதிப் பகுதியிலும் கருகிய துளைகள்.

"மதினி..." என்றார் சாச்சா. அவர் முகம் சுருங்கிப் போயிருந்தது. "பழைய விரிப்புன்னு நெனைச்சிட்டேன் மதினி."

உம்மா அந்தத் துணியைக் கையில் எடுத்தார். ஓட்டை வழியாக மறுபக்கம் பார்த்தார். பிறகு மடித்து ஓரமாக வைத்தார்.

"போனாப் போவுது தம்பி. உங்க கையிலே சுட்டுக்கலையே? வாங்க, புள்ளைங்க பசியோட இருக்கு."

வாப்பா தாடியைத் தடவிக்கொண்டு, "அடுத்த தடவை வரும்போது பாத்துக்கலாம், ரஹீமா" என்றார்.

எனக்கு அழுகை முட்டியது. வாப்பாவின் அடுத்த தடவை எனக்குத் தெரியாதா?

உம்மா எல்லாருக்கும் பரிமாறினார். சாச்சாவுக்கு இரண்டு துண்டு கறி கூடவே வைத்தார், பாவம் அவர் வருத்தமாக இருக்கிறார் என்று. தன் கனவைப் பொசுக்கியவருக்குக் கறி அதிகமாக வைக்கிற மனுஷியை நான் அன்றுதான் பார்த்தேன். என்னால் முடியாது.

"உம்மா, துப்பட்டியோட எறங்குங்களேன்" என்றேன் மெதுவாக.

"ஈரமானா காலைச் சுத்தும்மா. பரவால்லே, நீ போய் வெளையாடு." சொல்லும்போது உம்மாவின் கண் தண்ணீர்ப் பக்கம்தான் இருந்தது.

நான் விளையாடப் போகவில்லை. ஹபீபை இழுத்துக்கொண்டு கரையோரமாக நடந்தேன். எதையாவது கண்டுபிடித்தே ஆகவேண்டும். பாய், பலகை, ஓலை, எதுவானாலும் சரி.

கொஞ்ச தூரத்தில் மீனவர் குப்பம். மணலில் கட்டுமரங்களை ஏற்றி வைத்திருந்தார்கள். வழியெல்லாம் வலை காயப் போட்டிருந்தது. ஹபீபு அதைத் தாண்டிக் குதிக்கக் காலைத் தூக்கினான்.

"டேய், தாண்டாதே! அது அவங்க சாப்பாடு" என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். சுடுமணலில் வலையைச் சுற்றிக்கொண்டு நடந்தோம். ஹபீபு முனகிக்கொண்டே வந்தான்.

சுற்றி முடித்து நிமிர்ந்தால், எதிரே ஒரு கட்டுமரத்தின் பாய்! காற்று வாங்கிக் கடலில் போகிற பாய். காவி நிறத்தில், மூங்கிலோடு சேர்த்துச் சாய்த்துக் காயவைத்திருந்தார்கள். எங்கள் வீட்டு முன்கட்டையே மறைக்கும் போல அவ்வளவு பெரியது. பக்கத்திலும் ஒன்று இருந்தது.

அங்கே ஓர் அம்மாள் கருவாடு காயவைத்து, காக்கை விரட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா பாப்பா அப்படிப் பாக்கறே? பாயி எங்களுதுதான்" என்றார். அவர் பெயர் செல்லம்மா என்று அப்புறம் தெரிந்தது.

எனக்குக் கூச்சம்தான். ஆனாலும் கேட்டுவிட்டேன். "அம்மா, இந்தப் பாயைக் கொஞ்ச நேரம் தருவீங்களா?"

"இன்னாத்துக்கு? கப்பல் வுடப் போறியா?"

"எங்க உம்மா தண்ணியிலே எறங்கணும். மறைப்புக்குத் தச்ச துணி எரிஞ்சு போச்சு. அவங்க எனக்குக்கூடத் தெரியாம வருத்தப்படறாங்க."

செல்லம்மா கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டார். "தண்ணில எறங்கி எவ்ளோ நாளாச்சு உங்கம்மா?"

"நான் பொறக்கறதுக்கு முன்னாடியிலேருந்து எறங்கலை."

"அய்ய! வூடு எங்கே?"

"ராயபுரம்."

"கடலை வாசல்ல வச்சிகினு காலு நனைக்காமலா கீது அந்தப் பொண்ணு?" செல்லம்மா சுருக்கென்று எழுந்து, அடுத்த குடிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏ அங்கம்மா! இப்டி வா! பாயி ரெண்டும் சாயங்காலம் வரிக்கும் சும்மாதானே கீது? தூக்கு ஒரு பக்கம்!"

பிறகு என் பக்கம் விரலை நீட்டினார். "ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. பாயைத் தாண்டப்படாது. சுத்திகினுதான் போவணும்."

"மாட்டோம். வலையைக்கூடத் தாண்டலை நாங்க."

"பாத்துகினுதானே இருந்தேன். இல்லாங்காட்டி நீ கேட்டதும் குடுத்துருவனா?"

பாயைத் தோளில் வைத்துக்கொண்டு அவர்கள் இருவரும் வேகமாக முன்னால் நடந்தார்கள். அவ்வளவு கனத்தைத் தூக்கிக்கொண்டு, பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே எப்படித்தான் நடந்தார்களோ! நானும் ஹபீபும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினோம்.

எங்களைப் பார்த்து வாப்பா எழுந்தார். நான் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அவர் உடனே சாச்சாவின் கையைப் பிடித்துக்கொண்டு தோப்புப் பக்கம் நடந்தார். ஹபீபையும் தூக்கிக்கொண்டு போனார்.

இரண்டு பாய்களும் நடைபாதையை அடைத்துக்கொண்டு நின்றன. செல்லம்மா மூங்கிலை மணலில் குத்தி, ஆட்டிப் பார்த்து, "புயல் அடிச்சாலும் நிக்கும்" என்றார்.

உம்மா வெளியே வந்தார். பாயைப் பார்த்தார். செல்லம்மாவைப் பார்த்தார். "எப்படிச் சொல்றதுன்னு தெரியலைம்மா" என்று செல்லம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாத்தச் சொல்றது? எறங்கு மொதல்ல! பேஜாரு பண்ணாதே!"

உம்மா துப்பட்டியைக் கழற்றி அங்கம்மாவிடம் கொடுத்தார். பாயைச் சுற்றிக்கொண்டு போனோம். நான் உம்மாவின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் கணுக்கால் வரை வந்தது. உம்மா கண்ணை மூடிக்கொண்டார். முழங்கால் வரை வந்தது.

"பயப்படாதீங்க உம்மா, நான் இருக்கேன்" என்றேன். உண்மையில் பயம் எனக்குத்தான்.

உம்மா என் கையை மெல்ல விடுவித்தார். இன்னும் இரண்டு அடி வைத்தார். சட்டென்று தண்ணீருக்குள் போய்விட்டார்.

"உம்மா!" என்று நான் போட்ட கூச்சலில் எதிர்க்கரைக் கொக்குகள் பறந்தன. "முழுகிட்டாங்க! உம்மா முழுகிட்டாங்க!"

"கத்தாதே பாப்பா" என்று செல்லம்மா சிரித்தார். "அங்க பாரு. அது முழுவறதில்ல. நீஞ்சறது."

கழியின் நடுவில் உம்மாவின் தலை தெரிந்தது. அவர் கையை வீசினார், தண்ணீர் வழிவிட்டது. போனார், திரும்பினார், மறுபடி போனார். மல்லாந்து படுத்து, கைகளை விரித்து, வானத்தைப் பார்த்துக்கொண்டு மிதந்தார். அடுப்படியில் குனிந்து, துணி துவைத்து, எங்கள் இருவர் பின்னாலும் ஓடுகிற உம்மாவா இது? எனக்குப் பெருமை தாங்கவில்லை. டோரதிக்குத் தண்ணீர் கழுத்து வரைதான் வந்ததாம். என் உம்மா தண்ணீர் மேலேயே படுத்திருந்தார்!

"எங்கே கத்துகினே இதெல்லாம்?" என்று செல்லம்மா கரையிலிருந்து கேட்டார்.

"பழவேற்காட்டிலே! எங்க வீட்டுக்குப் பின்னாலேயே ஏரி! கல்யாணம் ஆகுற வரைக்கும் நாங்க பொண்ணுங்கள்லாம் ஏரியிலேதான் கெடப்போம்!" உம்மா மூச்சு வாங்காமல் பதில் சொன்னார்.

அப்போது பாய்க்கு அந்தப் பக்கம் தடதடவென்று காலடிச் சத்தம். என் கூச்சல் தோப்புவரை கேட்டிருக்கிறது.

"அஜீசா! என்னம்மா ஆச்சு?" வாப்பாவின் குரல். பெண்கள் இருப்பதால் பாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். கீழே அவர் குதிகால் எனக்குத் தெரிந்தது.

"ஒண்ணும் ஆகலை வாப்பா. உம்மா தண்ணியிலே இருக்காங்க."

"காலை நனைக்கிறாளா? பாத்து, வழுக்கப் போவுது."

"இல்லே வாப்பா, நீந்தறாங்க. நடுக் கழியிலே!"

 "யாரு? நம்ம ரஹீமாவா?" என்று கேட்டது.

"ஆமா வாப்பா!"

"அவளுக்கு நீந்தத் தெரியும்னு எங்கிட்டே யாரும் சொல்லவே இல்லியே!"

உம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. எங்கள் வீட்டில் அடுத்த அறைக்குக்கூடக் கேட்காத உம்மாவின் குரல், கழியின் நடுவிலிருந்து கணீரென்று வந்தது:

"நீங்க ஒரு தடவைகூடக் கேக்கவே இல்லியே!"

செல்லம்மாவும் அங்கம்மாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆனால் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது, பாய்க்கு அந்தப் பக்கம் நின்றிருந்த வாப்பாதான்.