பூச்சி அண்டாத அறை

சம்பந்தம் பொன்னேரியிலிருந்து மொபெட்டில் பழவேற்காடு வந்து சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி. பின்னால் கட்டியிருந்த தெளிப்பான் வழியெல்லாம் குலுங்கி, சட்டை முதுகில் மருந்து நெடி ஏறியிருந்தது. இருபத்திரண்டு வருடமாகப் பூச்சி கொல்லும் தொழில். வேண்டுமென்று முகர்ந்தாலொழிய அந்த நெடி அவருக்கு இப்போது உறைப்பதே இல்லை.

மக்பூல் பாயின் வீடு கடைத்தெருவைத் தாண்டி, ஏரிப் பக்கம் ஒதுங்கிய சந்தின் கடைசியில் இருந்தது. கப்பல் வியாபாரம் செய்த முன்னோர்கள் கட்டிய வீடு. முழ அகலச் சுவர், அண்ணாந்து பார்க்க வேண்டிய உத்தரம், நடுவில் திறந்த முற்றம். பூநாரை பார்க்க வருகிறவர்கள் தங்குவதற்காக இரண்டு வருடம் முன்பு இரண்டு அறைகளுக்கு வெள்ளையடித்து, குளியலறை கட்டி, வாசலில் போர்டு மாட்டியிருந்தார்.

"வாங்க சம்பந்தம்," என்று பாய் வாசலுக்கே வந்தார். "பூநாரை பார்க்க வர்றாங்க, கொசுவைப் பார்த்துட்டு ஓடிடறாங்க. போன வாரம் ஒரு அம்மா மூட்டைப்பூச்சியைப் போட்டோ புடிச்சு நெட்டுல போட்டுச்சு. சீசன் நேரம். இன்னா பண்ணுவீங்களோ தெரியாது, சுத்தமா ஒழிச்சுக் குடுங்க."

"ஏரிக்கரையில கொசுவை ஒழிக்க முடியாது பாய். குறைக்கலாம்."

முதல் அறையில் கட்டில் இடுக்கெல்லாம் மூட்டைப்பூச்சி. இரண்டாவது அறையில் ஜன்னல் சட்டத்தைக் கரையான் மாவாக்கியிருந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே போனது. சமையலறை அலமாரியைத் திறந்ததும் கரப்பான்கள் மூலைக்கொன்றாகச் சிதறின. ஏழைப் பிடித்து, மூடியில் துளை போட்ட கண்ணாடிப் பாட்டிலில் விட்டுக்கொண்டார். எந்த ஜாதிக் கரப்பான் என்று பார்த்துத்தான் மருந்து வைப்பார்.

மூன்றாவது அறை முற்றத்துக்கு மேற்கே தனியாக இருந்தது.

கதவைத் திறந்து உள்ளே போனவர் வழக்கம்போல டார்ச்சை மூலைகளில் அடித்தார். கட்டிலைத் தூக்கிப் பார்த்தார். உத்தரத்தைத் தட்டிப் பார்த்தார். பழைய தேக்கு, ஒரு கரையான் கீறல் இல்லை. எறும்பு இல்லை. பல்லி இல்லை. பல்லி எச்சம்கூட இல்லை.

இருபத்திரண்டு வருடத்தில் சிலந்தி வலை இல்லாத உத்தரத்தை அவர் பார்த்ததில்லை.

பழவேற்காட்டில் எந்த மூலையில் நின்றாலும் கருவாடும் சேறும் கலந்து மூக்கில் ஏறும். அந்த அறையில் எந்த வாசனையும் இல்லை. தன் சட்டையை முகர்ந்து பார்த்தார். மருந்து நெடியும் இல்லை.

"இந்த ரூமுக்கு வேற யாராவது மருந்து அடிச்சாங்களா பாய்?"

பாய் பெருமையாகச் சிரித்தார். "யாரும் அடிக்கல. எங்க வாப்பா காலத்துலேர்ந்து பூட்டியே கெடந்துச்சு. ஏன் பூட்டினாங்கன்னு அவருக்கும் தெரியாது. நான்தான் இந்த ஆவணியில தொறந்து வெள்ளையடிச்சேன். அன்னிலேர்ந்து ஒரு பூச்சி வரல. அல்லாவோட கிருபை."

"இதுல யாராவது தங்கினாங்களா?"

"ஒருத்தர் தங்கினார். தனசேகர்னு, கோயம்புத்தூர்க்காரர். பறவை போட்டோ எடுக்கறவர். பத்து நாள் இருந்தார். இன்னொண்ணு சொல்றேன் கேளுங்க." பாய் குரலைத் தாழ்த்தினார். "கெளம்பறதுக்கு மொத நாள் சாயந்திரம் போட்ல அழைச்சுனு போனோம். போட்காரரையும் என்னையும் கொசு பிச்சு எடுத்துடுச்சு. அவர் அரைக்கை சட்டை போட்டுனு குந்தினு இருக்கார், ஒண்ணு, ஒண்ணுகூட அவரைத் தொடல. அதிசயமா இல்ல?"

சம்பந்தம் டார்ச்சை அணைத்தார்.

"பாவம், ஊருக்குப் போய் ஒரு மாசத்துல மவுத்தாயிட்டார். தூக்கத்துலயே உயிர் போயிடுச்சு. அவர் சம்சாரம் போன் பண்ணிச் சொன்னாங்க."

கொசு எதைத் தேடி வருகிறது என்பது சம்பந்தத்துக்குத் தெரியும். மூச்சுக்காற்றைத் தேடி வருகிறது, உடம்புச் சூட்டைத் தேடி வருகிறது. உயிருள்ள எதையும் அது விடாது.

உயிருள்ள எதையும்.

"இப்ப இந்த ரூம்ல யாரும் இல்லையே பாய்?"

"என் பொண்ணு ஃபர்ஹத் இருக்கா. பிரசவத்துக்கு வந்திருக்கா, ஏழு மாசம். ஊர் பூரா டெங்கு. அதான் பூச்சி வராத ரூமாச்சேன்னு எட்டு நாளா இதுலயே படுக்க வெச்சிருக்கோம்."

அப்போதுதான் கட்டிலின் மேல் மடித்து வைத்திருந்த துப்பட்டாவை சம்பந்தம் பார்த்தார்.

பாயை யாரோ வாசலில் கூப்பிட, அவர் போனார். சம்பந்தம் தனியாக நின்றார். கையிலிருந்த பாட்டில் லேசாக அதிர்வதுபோல் இருந்தது. தூக்கிப் பார்த்தார்.

கரப்பான்கள் ஏழும் கண்ணாடியின் ஒரே பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கிடந்தன.

அடைத்த பாட்டிலில் கரப்பான் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் ஒதுங்காது. பாட்டிலைத் திருப்பினார். அவை விழுந்தடித்துக்கொண்டு மறுபடியும் அதே பக்கம் வந்தன, கதவுப் பக்கம். அறையின் உள்மூலைக்கு முதுகைக் காட்டி, கண்ணாடியைப் பிறாண்டின.

அவர் அந்த மூலையைப் பார்த்தார். வெள்ளையடித்த சுவர். வேறு ஒன்றும் இல்லை.

பாட்டிலைக் கட்டில்மேல் வைத்து இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

கரப்பான்கள் நகர்ந்தன.

மெதுவாக, ஒரே கூட்டமாக, கண்ணாடியை ஒட்டி வளைந்து நகர்ந்தன. கதவுப் பக்கத்திலிருந்து ஜன்னல் பக்கம். ஜன்னல் பக்கத்திலிருந்து உள்சுவர்ப் பக்கம். எதுவோ ஒன்று மூலையிலிருந்து எழுந்து, சுவரோரமாக, அவசரமே இல்லாமல் கட்டிலைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்க முடியவில்லை. அதற்கு எதிர்த்திசையைப் பூச்சிகள் காட்டின.

இப்போது கூட்டம் முழுவதும் உள்சுவர்ப் பக்கம் ஒட்டிக்கிடந்தது.

அப்படியென்றால் அது கதவருகே நிற்கிறது.

சம்பந்தம் நின்றிருந்ததும் கதவருகேதான்.

கழுத்துக்குப் பின்னால் காற்று அசையவில்லை. சூடும் இல்லை, குளிரும் இல்லை. தன் மூச்சுச் சத்தமே தனக்குக் கேட்காததுபோல் காது அடைத்துக்கொண்டது. எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று அவருக்குப் பிறகு சொல்லத் தெரியவில்லை.

பிறகு கூட்டம் கலைந்தது. கரப்பான்கள் பாட்டிலுக்குள் தாறுமாறாக ஓடத் தொடங்கின. கருவாட்டு வாசனை மூக்கில் ஏறியது.

அது அறையை விட்டு வெளியே போயிருந்தது.

பாட்டிலை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். பள்ளிவாசலில் மக்ரிப் பாங்கு ஒலித்தது. ஏரியிலிருந்து கொசு கிளம்பும் நேரம். முற்றத்தில் மங்கிய வெளிச்சத்தில் கொசுக்கூட்டம் புகைபோல் சுழன்றது. சமையலறை வாசலில் நின்ற பாயின் மனைவி பரக்கத் பீவி முந்தானையால் முகத்தருகே விசிறிக்கொண்டே, "வெளக்கு வெச்ச நேரத்துல வெளிய உக்காராதடின்னா கேக்கறாளா?" என்றார்.

முற்றத்து நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஃபர்ஹத் உட்கார்ந்திருந்தாள். வயிற்றின்மேல் கைகளைக் கோத்து, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வளையல் போட்ட முழங்கை வரை வெறுங்கை. அவளைச் சுற்றி ஒரு கை அகலத்துக்கு ஒரு கொசு இல்லை.

சம்பந்தத்தின் இரண்டு காதிலும் கொசு ரீங்கரித்தது. கழுத்தில் கடித்தது. அவர் அடிக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கடி அவருக்கு நிம்மதியாக இருந்தது.

நாற்காலியைச் சுற்றி நடந்தார். முன்னால் நின்றார், பக்கத்தில் நின்றார், பின்னால் நின்றார். எங்கே நின்றாலும் கரப்பான்கள் அவளுக்கு எதிர்ப்பக்கக் கண்ணாடியில் அப்பிக்கொண்டன.

"இன்னாண்ணே பார்க்கறீங்க?" என்றாள் ஃபர்ஹத்.

"ஒண்ணுமில்லம்மா. அந்த ரூம்ல தூக்கம் நல்லா வருதா?"

"சூப்பரா வருதுண்ணே. கரண்ட் போனாக்கூடத் தெரியல." அவள் சிரித்தாள். உதடு வெளுத்திருந்தது. "பக்கத்துல யாரோ குந்தினு விசிறிக்கினே இருக்கற மாதிரி இருக்கு."

"உள்ள குழந்தை ஆட்டம் போடுதா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டு நாளா அவ்வளவா இல்லண்ணே. அதுவும் நல்லா தூங்குது போல."

உண்மையைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்தது. பேச்சில் போகிற ஒவ்வொரு நிமிடமும் அந்தக் குழந்தையுடையது. சமையலறைக் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு, வாசலிலிருந்து திரும்பிய பாயிடம் நேராகப் போனார்.

"பாய், ஒரு தப்பு பண்ணிட்டேன். அந்த மேற்கு ரூம்ல மருந்தை மாத்தி அடிச்சுட்டேன். கிடங்குக்கு அடிக்கற மருந்து. வயித்துப் புள்ளக்காரி அந்தக் காத்தைச் சுவாசிக்கக் கூடாது. இப்பவே, இந்த நிமிஷமே வீட்டை விட்டு அழைச்சுனு போங்க. நேரா ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்க."

மக்பூல் பாயின் முகம் சிவந்தது. "இன்னாயா சொல்ற நீ? நம்பி உன்னை உள்ள விட்டதுக்கு..."

"திட்டறதை அப்புறம் திட்டுங்க பாய். முதல்ல வண்டி பிடிங்க."

பரக்கத் பீவி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பக்கத்து வீட்டு ஆட்டோ வந்தது. ஏறும்போது ஃபர்ஹத் ஒரு கணம் நின்று, மேற்கு அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். "என்னமோ வுட்டுட்டு வர்ற மாதிரியே இருக்கு வாப்பா," என்றாள். பாய் அவளைத் தோளைப் பிடித்து ஏற்றினார்.

சம்பந்தம் தன் தொழிலுக்குத் தானே தீ வைத்துவிட்டு மொபெட்டைக் கிளப்பினார். வீடு சேர்ந்து வண்டியைப் பூட்டும்போது பார்த்தார்: பாட்டிலில் கரப்பான்கள் ஏழும் மல்லாந்து கிடந்தன.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் குழந்தையின் துடிப்பு குறைந்திருப்பதாகச் சொல்லி, இரவெல்லாம் குளுக்கோஸ் ஏற்றினார்கள். விடிந்ததும் பரக்கத் பீவி போனில் கூப்பிட்டார். கூப்பிட்டது வைய.

"நல்லா இருப்பியா நீ? புள்ள ஒரு நிமிசம் கண்ணை மூடல. ஆஸ்பத்திரியில அப்படிக் கொசு! கை கால் பூரா தடிச்சுப் போய்க் கெடக்கா. உள்ள குழந்தை வேற விடிய விடிய உதைக்குதாம்..."

"கொசு கடிச்சுதா பீவிம்மா? நல்லா கடிச்சுதா?"

"இன்னாயா கேள்வி இது?"

சம்பந்தம் போனைக் காதில் வைத்தபடியே அழுதார்.

ஒரு வாரம் கழித்து மக்பூல் பாயிடம் மட்டும் நடந்ததைச் சொன்னார். பாய் மறுநாளே அந்த அறையைப் பூட்டி, கதவுக்கு முன்னால் செங்கல் வைத்துக் கட்டினார். ஃபர்ஹத் அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. பொன்னேரியில் புகுந்த வீட்டிலேயே இருந்து பிப்ரவரியில் பெண் குழந்தை பெற்றாள். ரிஃபா என்று பெயர் வைத்தார்கள்.

பொன்னேரி வீட்டில் நடந்த நாற்பதாம் நாள் விருந்துக்கு சம்பந்தத்தை பாயே நேரில் வந்து அழைத்தார். ஏப்ரல் வெயில் தெருவில் தகதகவென்று அடித்தது. சம்பந்தம் உள்ளே நுழைந்ததும் முதலில் ஃபர்ஹத்தின் கையைத்தான் பார்த்தார். முழங்கைக்குக் கீழே சிவப்பாக ஒரு கொசுக்கடி. உதட்டில் நல்ல நிறம். கூடத்து நடுவில் தூளியில் குழந்தை கொழுகொழுவென்று கிடந்தது. அவருக்கு மனசு நிறைந்தது. பிரியாணித் தட்டின் முன் உட்கார்ந்து, பல மாதங்களுக்குப் பிறகு ருசித்துச் சாப்பிட்டார்.

"இங்க பாருங்க சம்பந்தம்," என்று தூளியை ஆட்டிக்கொண்டிருந்த பரக்கத் பீவி கூப்பிட்டார். "உங்களுக்கு இங்கயும் வேலை இருக்குது போல."

தூளிக்கு நேர்கீழே தரையில் ஒரு விரிசல். அதிலிருந்து எறும்புகள் வந்துகொண்டிருந்தன. ஒரு சாரி, இரண்டு சாரி, பிறகு கணக்கில்லாமல். ஒவ்வொன்றின் வாயிலும் வெள்ளையாக ஒரு முட்டை. கூடத்தைக் கடந்து, வாசற்படி ஏறி, வெயிலில் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தன. அவருடைய தட்டைச் சுற்றிச் சோற்றுப் பருக்கைகள் சிந்திக் கிடந்தன. ஒன்றுகூட நிற்கவில்லை.

"முட்டைய தூக்கினு இப்படி ஓடுதே," என்றார் பரக்கத் பீவி சந்தோஷமாக. "நல்ல மழை வரப்போவுது."

சம்பந்தம் வாசல் வழியே வானத்தைப் பார்த்தார். ஒரு பொட்டு மேகம் இல்லை.

கையைக் கழுவாமலே எழுந்து தூளியை நோக்கிப் போனார்.