நிலைக்காது

பகல் இரண்டு மணி பதினேழு நிமிடத்தில், ஏழாம் மாடி மூன்றாம் வீட்டின் வாசல் பலகை பூஜ்யம் காட்டியது.

லூர்து முகக்கவசத்துக்குள் சிரித்தான்.

"எட்டு வருசத்துல இன்னிக்குத்தான்க்கா சைபரைப் பாக்கேன். இந்த வீட்டு ஆளுகளுக்குக் கோயில் கட்டிக் கும்புடணும்."

"கும்புடலாம். மொதல்ல அளவைச் சொல்லு," என்றாள் ரெஜினா. வளித்தீப் படையில் அந்தப் பகுதிக்கு அவள்தான் தலைவி.

அவன் கதவிடுக்கில் மானியின் குழலைச் செருகினான். "நாலு."

காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கிலிருந்து ஒன்பது பங்குவரை குளிர்வளி கலந்தால் எரியும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. காற்றைவிடக் கனம் என்பதால் தரையில் தண்ணீர்போலத் தேங்கும். தூத்துக்குடியில் வெயில் நாற்பத்தெட்டைத் தாண்டிய ஆண்டு வீட்டுக்கு வீடு குளிர்க்குழாய் வந்தது. மறுகோடையில் வீடுகள் வெடிக்கத் தொடங்கின. அதன் பிறகு வந்தது நிலைக்காது என்ற கருவி.

வெடிப்பைத் தடுப்பது எளிது. வீட்டை உயிர்வளி இல்லாத வெறுங்காற்றால் நிரப்பிவிட்டால் பொறி விழுந்தாலும் பற்றாது. ஆனால் அந்தக் காற்றில் மனிதனுக்கு நாலைந்து மூச்சுக்கு மேல் நினைவு தங்காது. அதனால் உள்ளே எத்தனை பேர் என்று முதலில் தெரிய வேண்டும். சுவரே கொதிக்கும் ஊரில் உடற்சூட்டைத் தேடும் கருவி குருடு. வீட்டுக்குள் கண் வைக்க மக்கள் சம்மதிக்கவில்லை. காது வைக்கச் சம்மதித்தார்கள், அதுவும் வாசல் நிலையில் மட்டும். குடியிருப்பவர் குரல்கள் அதற்குப் பழக்கம். கிளம்புகிறவர் "போறேன்" என்றால் அவரைக் கழிக்கும். திரும்பி வந்து "வந்துட்டேன்" என்றால் கூட்டும்.

அந்த முதல் சொல்லை யாரும் சொல்லவில்லை. செத்தவர்தான் போகிறவர், மற்றவரெல்லாம் போய்விட்டு வருகிறவர். சட்டம் போட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பழக்கினார்கள். பிள்ளைகள் வாசலில் நின்று "போயிட்டு வாரேன்" என்றே கத்திவிட்டு ஓடின. வருகிறேன் என்பவரைக் காது கழிக்கவில்லை. பலகைப்படி, பூட்டிய வீடுகளிலெல்லாம் ஆள் இருந்தது.

போன மாசியில் அப்படி நான்கு பேரைத் தேடிப் படையாள் இசக்கிப்பாண்டி ஒரு வீட்டுக்குள் நுழைந்தான். வீடு காலி. எரிந்தது அவன் ஒருவன்தான். பல்லை வைத்து ரெஜினா அடையாளம் சொன்னாள்.

கீழே முப்பத்தாறு குடும்பங்கள் இன்னும் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தன. மின்சாரத்தை நிறுத்தியாயிற்று. ஆனால் வீட்டுக்கு வீடு மின்கலம் உண்டு. எது எப்போது பொறி தட்டும் என்று சொல்ல முடியாது. ரெஜினா பலகையை இன்னொரு முறை பார்த்தாள். பூஜ்யம். இன்றைக்கு யாரையும் உள்ளே அனுப்ப வேண்டியதில்லை.

"நிரப்புதேன்," என்று விசையை அழுத்தினாள்.

கதவின் தாழ்கள் தாமாக விழுந்தன. சுவருக்குள் சீறல் எழுந்தது. முப்பது எண்ணுவதற்குள் ஒருவன் படியேறி வந்தான். சட்டையெல்லாம் உப்பு. உதடு கிழிந்திருந்தது, கீழே மறித்தவர்களை அடித்துத் தள்ளிவிட்டு வந்திருக்கிறான்.

"இது என் வீடுக்கா. நான் பாலகுரு. கனி எங்க?"

"உள்ள யாருமில்ல. கீழ போங்க."

"கீழ இல்லியே. போனையும் எடுக்க மாட்டேங்கா."

"கணக்கு சைபர், தம்பி. உங்க வீட்டம்மா வெளிய போயிருப்பாங்க."

பாலகுரு தரையைப் பார்த்தான். கதவோரம் ஊதா வார் வைத்த பெண்கள் செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. ரெஜினாவும் பார்த்தாள். நிலைக்காது வருவதற்கு முன், எந்த வீட்டுக்குப் போனாலும் அவள் முதலில் செருப்பைத்தான் எண்ணுவாள்.

"காலைல சண்டை," என்றான் அவன். "போறேன்னா. போறேன்னு சொன்னவ என்னிக்குக்கா போயிருக்கா?"

உள்ளேயிருந்து கதவில் ஒரு தட்டு விழுந்தது. ஒன்றுதான்.

அவன் ரெஜினாவின் முகத்தில் குத்தினான். கவசத்தின் கண்ணாடி உடைந்து மூக்கில் இறங்கியது. அடுத்த குத்து கழுத்தில். அவளைச் சுவரோடு நெரித்துக்கொண்டு மற்றக் கையால் விசையைத் தேடினான். விசை திரும்பாது. நிரம்பி முடியும்வரை நிறுத்த முடியாதபடிதான் அதைச் செய்திருந்தார்கள். லூர்து பின்னாலிருந்து அவன் காதோடு சேர்த்து அறைந்து பிரித்தெடுத்தான்.

ரெஜினா வெண்கலக் கடப்பாரையை எடுத்தாள். வெண்கலம் பொறி தட்டாது.

"இப்பத் தெறந்தா வெளிக்காத்து உள்ள போவும்க்கா. பழையபடி பத்துற அளவுக்கு வந்துரும்."

"தெரியும். அவனை இழுத்துக்கிட்டு நீ கீழ போ."

"நீங்க ஒத்தையில தூக்கிருவியளோ?"

"நீ போலே."

லூர்து போகவில்லை. பாலகுரு மறுபடி பாய்ந்தபோது நெஞ்சில் உதைத்தான். பாலகுரு பதினொரு படி உருண்டு ஆறாம் மாடித் திருப்பத்தில் மண்டை மோதி விழுந்தான். அதுதான் அவன் உயிரைக் காப்பாற்றியது.

மூன்று நெம்பில் மேல்தாழ் பெயர்ந்தது. கீழ்த்தாழுக்கு ஐந்து. கதவு திறந்ததும் சண்முகக்கனி வெளியே சரிந்தாள். கதவில் சாய்ந்துதான் இருந்திருக்கிறாள். ஒரு கையில் சீப்பு. ரெஜினா தோளைப் பிடித்தாள். லூர்து காலைப் பிடிக்கக் குனிந்தான். அவன் முதுகு வீட்டைப் பார்த்து இருந்தது.

உள்ளே குளிர்ப்பெட்டி 'டிக்' என்றது.

தீ முதலில் தரையோடு வந்தது, நீலமாக, நுரை பரவுவதுபோல. பிறகு எழுந்தது. சத்தம் அதற்குப் பிறகுதான். கதவு நிலையோடு பெயர்ந்து எதிர்வீட்டுச் சுவரில் மோதியது. ரெஜினா கனியின் மேல் விழுந்து படியில் சறுக்கினாள். நிமிர்ந்தபோது லூர்து நின்றுகொண்டிருந்தான். முகக்கவசம் உருகிக் கழுத்தில் வழிந்திருந்தது. மூன்று எட்டு நடந்தான். அவள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். உறை கழன்று வந்தது. உறையோடு தோலும் வந்தது.

"நின்னுக்கிட்டே இரு, உக்காராத," என்றாள். அவன் உட்கார்ந்தான்.

நான்கு மணிக்குத் தீ அடங்கியது. லூர்தைக் கொண்டுபோன வண்டியிலிருந்து எந்தச் செய்தியும் வரவில்லை. சண்முகக்கனியைக் கீழே கட்டட வாசலில் ஒரு தார்ப்பாயில் கிடத்தியிருந்தார்கள். அவள் உடம்பில் ஒரு கொப்புளம்கூட இல்லை. புடவை நுனி கருகியிருந்தது, அவ்வளவுதான். உதடு மட்டும் நீலம். தீ அவளைத் தொடுவதற்கு முன்பே எல்லாம் முடிந்திருந்தது.

ரெஜினா மூக்கில் பஞ்சை வைத்துக்கொண்டு படைவண்டியின் படியில் உட்கார்ந்தாள். நிலைக்காதின் பதிவு அவள் மணிக்கட்டுப் பலகைக்கு வந்திருந்தது. அறிக்கைக்கு அதைப் படித்தாக வேண்டும்.

எட்டு நாற்பது. ஆண் குரல்: போறேன்.
பெண் குரல்: போங்க. மீதம் ஒன்று.
பெண் குரல்: அப்ப நானும் போறேன்.

அந்த வரியின் எதிரே மீதம் மாறவில்லை. ஒருவர் சொன்னதை மட்டும் வைத்துக் காது கழிப்பதில்லை. அனுப்புகிறவர் குரலும் அதற்குக் கேட்க வேண்டும். அவசரப்பட்டு ஒருவரைக் கழித்துவிடக் கூடாது என்று செய்த ஏற்பாடு அது. பயிற்சியில் ரெஜினாவே இருநூறு பேருக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அவள் அடுத்த வரியைப் படித்தாள். பலகையைக் கவிழ்த்துத் தொடையில் வைத்தாள்.

பாலகுரு வந்தான். தலையில் கட்டு. அடித்தவன் அடிபட்டவளிடம் வருகிற தயக்கம் எதுவும் அவனிடம் இல்லை. வண்டியின் சக்கரத்தோரம் தரையில் குத்துக்காலிட்டான். தார்ப்பாய் இருந்த பக்கம் பார்க்கவில்லை. கவிழ்ந்திருந்த பலகையைத்தான் பார்த்தான்.

"நடந்ததெல்லாம் அதுல இருக்குமாமே. போலீஸ்காரரு சொன்னாரு."

ரெஜினா பஞ்சை எடுத்துப் பார்த்தாள். ரத்தம் நின்றிருந்தது. மறுபடியும் வைத்துக்கொண்டாள்.

"அவ போறேன்னதும் நான் 'போ'ன்னேன்க்கா," என்றான். "அதுவும் அதுக்குக் கேட்டிருக்குமா?"