தாண்டிப் போன ஐந்தாவது பாட்டு

பாட்டு ஓய்ந்து நெடுநேரமாகியும் உள்ளேயிருந்து நர்ஸைக் கூப்பிடும் மணி அடிக்கவில்லை. நர்ஸ் கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். கட்டிலில் பெரியவர் கண்மூடிக் கிடந்தார். போர்வை நெஞ்சு வரை ஒழுங்காக இழுத்து விடப்பட்டிருந்தது. பாட்டு மாற்றும் ரிமோட் கைக்குள் இருந்தது. கை சில்லிட்டிருந்தது.

மாலை ஐந்து மணி. வெளியே மழை பிடித்த பிடியை விடவில்லை.

மறுநாள் காலையில் டாக்டர் இன்ஸ்பெக்டரிடம் சுருக்கமாகச் சொன்னார். "கண்ணுக்குள்ள சிவப்புப் புள்ளி. உதட்டுக்கு உள்பக்கம் காயம். தலையணையை வச்சு அழுத்தியிருக்காங்க."

"எப்ப?"

"ரெண்டரைக்கும் நாலரைக்கும் நடுவுல. அதுக்கு மேல என்கிட்ட கறக்க முடியாது."

அந்த நேரத்தில் மாடி வீட்டுக்குள் வந்துபோனவர்கள் இரண்டே பேர். ஒருவன் மகன். இன்னொருத்தி நர்ஸ். இன்ஸ்பெக்டரம்மா குடையை மடக்கிவிட்டு மாடிப்படி ஏறினாள்.

நர்ஸ் கூடத்து மூலையில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும்.

"நீ எங்க போயிருந்த?"

"ஐயாவோட மகன், அந்த அண்ணன்தான் மருந்துக் கடைக்கு அனுப்பினார் மேடம். திரும்பி வந்தப்ப அவர் கிளம்பிட்டார். உள்ள பாட்டு ஓடிட்டிருந்துச்சு. பாட்டு ஓடும்போது யாரும் உள்ள போகக்கூடாது. ஐயாவோட கண்டிஷன்."

"அவர் செத்துட்டார்னு தெரிஞ்சதும்?"

"அண்ணனுக்குப் போன் பண்ணினேன். ஓடி வந்தார். நேரா லேப்டாப்கிட்ட போனார். என்னமோ தட்டிட்டு மூடி வச்சார். அப்புறம்தான் ஐயா பக்கத்துல போய் அழுதார்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "என்னை ஜெயில்ல போட்டுடுவீங்களா மேடம்? எங்கம்மாவும் படுத்த படுக்கைதான். புரட்டிப் படுக்க வைக்க வேற ஆள் இல்ல."

இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

மகன் தாடியைத் தடவியபடி ஜன்னலோரம் நின்றிருந்தான்.

"நான் மூணு மணிக்குக் கிளம்பினேன். மூணேகாலுக்கு ஆபீஸ். போன் வர்ற வரைக்கும் அங்கதான். கேட்டுப் பாருங்க."

"கேட்டாச்சு. நீங்க கிளம்பறப்ப அப்பா உயிரோட இருந்தாரா?"

"உயிரோட இல்லாமலா பாட்டைத் தாண்டினார்? கீழ்வீட்டு அக்காவைக் கேளுங்க. அது என் தங்கச்சியோட கச்சேரி. மேடையில அவ பாடப் பாட அப்பாதான் ரெக்கார்டு பண்ணினார். அவர் தொழிலே அதுதான். அடுத்த மாசம் அவ இறந்து போயிட்டா. ஏழு வருஷமா தினமும் அதையே போட்டுக் கேப்பார். ஆனா அஞ்சாவது பாட்டை மட்டும் தாண்டிடுவார். நேத்தும் தாண்டியிருக்கார். அப்ப மணி மூணே முக்கால் இருக்கும்." அவன் வாட்சைப் பார்த்தான். "உடம்பை எப்பத் தருவீங்க? அடுத்த வாரம் எனக்கு ஃபிளைட். போன வருஷமே போயிருக்க வேண்டிய வேலை."

"அந்தப் பாட்டு ஓடும்போது கூட இருந்து கேட்டிருக்கீங்களா?"

"எனக்கு அதெல்லாம் தாங்காது மேடம். அந்த ரூம் பக்கமே போக மாட்டேன்."

இன்ஸ்பெக்டர் படியிறங்கினாள். மாடி ஜன்னலும் கீழ்வீட்டு ஜன்னலும் ஒரே இடுக்கைப் பார்த்துத் திறந்திருந்தன. மேலே தும்மினால் கீழே கேட்கும்.

தையல்கார அக்கா மிஷினை விட்டு எழவில்லை. காலடியில் பள்ளிச் சீருடை மலையாகக் குவிந்திருந்தது.

"நேத்து பாட்டு கேட்டுச்சா?"

"கேக்காம? எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. நடுவுல மூச்சு விடக்கூட இடைவெளி கிடையாது. ஒரு பாட்டோட வாலைப் பிடிச்சுக்கிட்டே அடுத்தது வந்துரும்."

"அஞ்சாவது பாட்டு?"

"எப்பவும்போல அது வரல. ஆறாவதுக்குப் போயிருச்சு. என்னத்த சொல்ல, நேத்து நாளே சரியில்ல. டீ கூட வைக்கல. அஞ்சு மணிக்கு மேல கூச்சல் கேட்டப்பதான் டீயே குடிக்கலன்னு உறைச்சுது. இந்தச் சீருடை அவசரம், மூளையைத் தின்னுடுது."

கான்ஸ்டபிள் வாசலில் தலையை நீட்டினார். "மேடம், வண்டி வந்துருச்சு. நர்ஸை ஏத்திடலாமா?"

"பத்து நிமிஷம் பொறுங்க. மழையில யாரும் ஓடிட மாட்டாங்க."

அவள் மறுபடி மேலே போய் லேப்டாப்பைத் திறந்தாள். பாட்டு மென்பொருளில் ஒன்பது பாட்டுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்ன டிக். எத்தனை முறை ஓடியது, எத்தனை முறை தாண்டப்பட்டது, கடைசியாக எப்போது என்று கட்டம் கட்டமாகக் காட்டியது. ஐந்தாவதைத் தவிர மற்ற எட்டுப் பாட்டுகளும் நேற்று ஓடியிருந்தன. ஐந்தாவது ஒருமுறைகூட முழுதாக ஓடியதில்லை. இரண்டாயிரத்துச் சொச்சம் தடவை தாண்டப்பட்டிருந்தது.

கடைசியாகத் தாண்டியது முந்தாநாள்.

இன்ஸ்பெக்டர் ஐந்தாவது பாட்டின் டிக்கை எடுத்துவிட்டு, நான்காவதன் கடைசிப் பகுதியை ஓடவிட்டாள். கைத்தட்டல் எழுந்தது. பாதியில் அதை வெட்டிக்கொண்டு ஆறாவது பாட்டின் தாளம் வந்து விழுந்தது. தாண்டிய எண்ணிக்கை ஏறவில்லை. டிக்கைத் திரும்பப் போட்டாள். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"அக்கா! தினமும் டீ எப்ப வைப்பீங்க?"

கீழேயிருந்து பதில் வந்தது. "அந்தப் பொண்ணு கூப்பிடும்போது!"

"எந்தப் பொண்ணு?"

"பாடற பொண்ணுதான். கைத்தட்டல் அடங்கினதும் 'அப்பா, கேக்குதா?'ன்னு கேக்கும். இவரும் படுக்கையிலேயே 'கேக்குதும்மா'ம்பார். அப்புறம்தான் தாண்டுவார். நான் எழுந்து போய் அடுப்பைப் பத்த வைப்பேன்." பிறகு குரல் தயங்கியது. "அட... நேத்து அது கேக்கவே இல்லையே!"

மிஷின் சத்தம் தொடரவில்லை.

இன்ஸ்பெக்டர் எல்லோரையும் அந்த அறைக்கு அழைத்தாள். மகன் கடைசியாக வந்தான்.

"ஒரு பாட்டு வேணாம்னா டிக்கை எடுத்துட்டாப் போதும். அப்புறம் அது ஓடவே ஓடாது. ஒலிப்பதிவே தொழிலா இருந்த உங்கப்பாவுக்கு அது தெரியாதா? ஏழு வருஷமா ஏன் அவர் எடுக்கல?"

மகன் லேப்டாப்பைப் பார்த்தான்.

"ஏன்னா அவருக்குப் பாட்டுதான் வேணாம். அதே பதிவோட தொடக்கத்துல, பாட்டுக்கு முன்னால வர்ற குரல் வேணும். தினமும் அதைக் கேட்டு, பதில் சொல்லிட்டு, பாட்டு தொடங்கறதுக்குள்ள தாண்டினார். நீங்க திரையில இருந்த எண்ணிக்கையை மட்டும்தான் பார்த்தீங்க."

"இதெல்லாம் கற்பனை மேடம்."

"நேத்து நர்ஸைக் கடைக்கு அனுப்பினீங்க. தலையணையை எடுத்தீங்க. கச்சேரியை ஓடவிட்டாத்தான் அது முடியற வரைக்கும் நர்ஸ் உள்ள வரமாட்டா. ஆனா அஞ்சாவது பாட்டு முழுசா ஓடினா அவளுக்கே சந்தேகம் வந்துரும். அதனால டிக்கை எடுத்தீங்க. சாயங்காலம் ஓடி வந்து, அப்பாவைப் பார்க்கறதுக்கு முன்னால அதைத் திரும்பப் போட்டீங்க. ஆனா கை வச்சுத் தாண்டியிருந்தா நேத்துத் தேதி ஏறியிருக்கணும். ஏறல. அந்தக் குரலைக் கேட்டே பழகின அக்கா நேத்து டீயே வைக்கல. மூணே முக்காலுக்குப் பாட்டைத் தாண்டினது உங்கப்பா இல்ல. தாண்ட அப்ப அவர் இல்ல."

மகன் சுவரோரம் உட்கார்ந்தான்.

"முதியோர் ஹோமுக்குப் போங்கன்னு கெஞ்சினேன்," என்றான். "இந்த ரூமை விட்டு வரமாட்டேன்னுட்டார். மூணு வேலை கைவிட்டுப் போச்சு. அவர் சாகறதுக்குக் காத்திருந்தே நான் கிழவனாயிடுவேன்னு தோணுச்சு."

"அதுக்கு இந்தப் பொண்ணு ஜெயிலுக்குப் போகணுமா?"

அவன் நர்ஸின் பக்கம் திரும்பவே இல்லை. "அவர் பதில் சொல்வார்னு எனக்குத் தெரியாது," என்று மட்டும் முணுமுணுத்தான்.

இன்ஸ்பெக்டர் நான்காவது பாட்டின் முடிவுக்குப் போனாள். கைத்தட்டல் எழுந்தது. இம்முறை வெட்டுப்படாமல் ஐந்தாவதற்குள் வழிந்து, மெல்ல மெல்ல அடங்கியது. தொண்டையைச் செருமும் ஒரு சத்தம். பிறகு ஓர் இளங்குரல், சிரிப்பை அடக்கிக்கொண்டு:

"அப்பா, கேக்குதா?"

மகன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டான். அறையில் யாரும் பதில் சொல்லவில்லை. தாண்டவும் யாரும் கை நீட்டவில்லை. பாட்டு தொடங்கியது.

கீழ்வீட்டில், பழக்கத்தில், அடுப்புப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது.