குச்சி கட்டிய வெங்காயம்

பெயர் மூன் கில்ஹோ. வயது இருபத்தாறு. சொந்த ஊர் யென்ஜி, சீனா. இப்போது இருப்பது அன்சான், உதிரிபாகத் தொழிற்சாலை விடுதி, மூன்றாம் மாடி.

பாத்திகளாக வாடகைக்கு விடும் தோட்டத்தில் தன் பாத்தி முன்னால் அவன் நட்டிருந்த பலகையில் இத்தனையும் எழுதியிருந்தது. மற்றவர்கள் பலகையில் பெயர் மட்டும்தான். இவனுக்குப் பயம்... நீ எங்கிருந்து வந்தாய் என்று யாரும் கேட்பதற்குள் தானே சொல்லிவிட வேண்டும்.

அந்த ஜூன் மாதக் காலையில் அவன் பாத்தியருகே ஓடிப்போய்க் குனிந்தான். போன வாரம் விறைப்பாக நின்ற வெங்காயச் செடிகள் கழுத்து மடங்கித் தரையோடு படுத்துக் கிடந்தன. யாரோ மிதித்திருக்கிறார்கள்...

பக்கத்துப் பாத்தியில் ஒரு முதுகு. பிடரி வரை துணி தொங்கும் வெயில் தொப்பி. கையில் தண்ணீர்க் குழாய்.

"ஏன் ஆன்ட்டி, குழாய இழுத்துட்டுப் போறப்ப கீழ செடி இருக்கான்னு பாக்க மாட்டீங்களா?"

முதுகு திரும்பியது. தொப்பி நிழலில் இரண்டு கண்கள்... சோயாச் சாறு போலக் கறுத்து மினுங்கும் கண்கள். வயது இவனைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

"யாருங்க ஆன்ட்டி? ஹேசோல்னு பலகைல பேர் எழுதியிருக்கேன். படிக்கத் தெரியும்ல?"

"வெங்காயத்த மிதிச்சது நீங்கதானே?"

"நானா? ஏங்க, வெங்காயம் வந்து..."

"காத்து வந்தா மிதிச்சுது? வெளியூர்க்காரன் நட்டதுதானே, செத்தா என்னன்னு நெனச்சிட்டீங்க."

தோட்டமே நிமிர்ந்து பார்த்தது. அவள் முகம் சிவந்தது. சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"சரிங்க. குச்சி வெச்சுக் கட்டுங்க. நிமிர்ந்து நிக்கும்."

அவன் அப்படியே செய்தான். கடையில் சாப்பாட்டோடு சும்மா கொடுக்கும் மரக்குச்சிகளைச் செடிக்கு ஒன்றாகக் குத்தி, நூலால் இலையைத் தூக்கிக் கட்டினான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் யென்ஜியில் அம்மா ஜன்னலோரம் வளர்த்த வெங்காயத்தாள்தான். அது நின்றால் உயிர், சாய்ந்தால் சாவு.

அம்மா இப்போது இங்கே தென்கொரியாவிலேயே, தேகு நகரில் ஒரு சூப்புக் கடையில் நாள் முழுக்க யாரோ விளைவித்த வெங்காயத்தை உரிக்கிறாள். 'அடுத்த மாசம் உன் பொறந்தநாளைக்கு நம்ம வெங்காயம் கொண்டாரேன்மா' என்று சொல்லியிருக்கிறான். அதை நினைத்தாலே கோபம் இன்னும் ஏறியது.

தினமும் வேலைக்குப் போகும் வழியில் வந்தான். தினமும் அவளும் இருந்தாள்.

"என்ன, நோயாளிங்க எழுந்து உக்காந்தாங்களா?"

"உங்க வேலையப் பாருங்க."

"என் வேலையத்தான் பாக்கறேன். கண்ணு தானா அங்க போகுது. அவ்வளவு கண்றாவி."

விடுதிக்குத் திரும்பிய பிறகும் அந்தக் குரல் காதில் எரிந்தது. நாளைக்கு என்ன சொல்வாள், அதற்கு என்ன திருப்பிக் கொடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டே தூங்கினான்... சீ, அவளை ஏன் நினைக்க வேண்டும்?

சனிக்கிழமை மழைக்காலம் தொடங்கியது. இயந்திரத்தின் முன் நின்ற கில்ஹோ, கூரையில் மழைச் சத்தம் கேட்டு நிம்மதியானான். செடிகளுக்கு நல்ல தண்ணீர்.

வேலை முடிந்து நனைந்தபடி ஓடினான். பாத்தி காலியாக இருந்தது. குழிகளில் மழைநீர். ஓரத்தில் குச்சிகள் குவியலாக.

ஒரு குச்சியை எடுத்துப் பார்த்தான். நூல் இல்லை.

பொதுக் கொட்டகைக்குள் வெளிச்சம் தெரிந்தது. பிளாஸ்டிக் தடுப்பை விலக்கினான். ஹேசோல் தொப்பலாக நனைந்து, கன்னத்தில் சேற்றோடு, தரையில் உட்கார்ந்திருந்தாள். அவன் கட்டிய அதே நூலால் வெங்காயங்களை இலையோடு கொத்துக் கொத்தாகக் கட்டிக் கம்பியில் தொங்கவிட்டிருந்தாள்.

"மிதிச்சது போதாதுன்னு திருட்டு வேறயா?"

"கத்தாதே. இலை சாஞ்சா வெங்காயம் முத்திடுச்சுன்னு அர்த்தம். அதுவா சாயும்... யாரும் மிதிக்க வேணாம். மழைல ஊறியிருந்தா மொத்தமும் அழுகியிருக்கும். தூறல் போட்டதும் ஓடி வந்து ஒத்தையாளாப் பிடுங்கினேன், மடையா."

அவள் எறிந்த வெங்காயத்தை அவன் மார்போடு பிடித்தான். உள்ளங்கை நிறைய, கனமாக, கெட்டியாக இருந்தது.

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"சொல்ல விட்டியா? ஊருக்கு முன்னாடி திட்டினே. ஆன்ட்டின்னே. வெளியூர்க்காரன்னா எனக்கு எளக்காரம்னே. நீயா முடிவு பண்ணிட்டே. எவ்வளவு கோவம் வந்துச்சு தெரியுமா? அழுகட்டும்னுதான் இருந்தேன்."

"அப்புறம் ஏன் பிடுங்கினீங்க?"

மழை கூரையை அறைந்தது. அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அழுகிப்போச்சுன்னா நீ தோட்டத்துக்கு வர மாட்டியே... உன்னைத் திட்டாம எனக்குப் பொழுது போக மாட்டேங்குது."

கில்ஹோ அவள் எதிரே உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்தான்.

"குச்சி கட்ட தினமும் வரணும்னு இல்ல. ஒரு நாள்ல கட்டியாச்சு."

"பின்ன ஏன் வந்தே?"

"நீ திட்டுவேன்னு."

அவன் முதல்முறையாக 'நீ' என்றதை அவள் கவனித்தாள். கோபமாகவே சிரித்தாள்.

"இதெல்லாம் யாருக்கு?"

"அம்மாவுக்கு. தேகுல இருக்காங்க. நீயும் வரியா?"

"என்னை யாருன்னு சொல்லுவே?"

"வெங்காயத் திருடின்னு. எனக்கு ரொம்பப் பிடிச்ச திருடின்னு."

அடுத்த வாரம் பலகையில் பெயரும் வயதும் ஊரும் அப்படியே இருந்தன. கீழே புதிதாக ஒன்று எழுதியிருந்தது.

'இதைப் படிப்பவர்களுக்கு: வெங்காய இலை சாய்ந்தால் பக்கத்துப் பாத்திக்காரியைத் திட்டாதீர்கள். மழைக்கு முன் பிடுங்கிவிடுங்கள்.'