இழுத்தால் நூல்... அடித்தால்?

ட்ரிங்... ட்ரிங்...

சோதனைக்கூடத்தில் போன் அலறியது.

"மேடம்... நீங்க சர்டிபிகேட் கொடுத்த பசை! மாடிக் கைப்பிடியில ஒட்டு விட்டுப்போச்சு. அஞ்சாவது மாடி. ஆள் காலி!"

இன்ஸ்பெக்டரின் குரல்.

பசையால் ஒட்டியதை அடித்து உடைத்துப் பார்ப்பதே அவள் வேலை. ஆபீஸில் வைத்த பட்டப்பெயர், சம்மட்டி!

அரை மணியில் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். கையில் உடைந்த கைப்பிடித் தகடு. இடுப்பில் விலங்கு. பின்னாலேயே கண்ணைக் கசக்கிக்கொண்டு கட்டட கான்ட்ராக்டர். செத்தது அவருடைய மச்சான்.

"மெதுவா சாஞ்சுதான் நின்னான் மேடம்... என் கண்ணு முன்னாடியே போயிட்டான்!"

"மெதுவாவா?"

"மெதுவாத்தான்! ஸ்டேஷன்ல எழுதியே கொடுத்துட்டேன்."

"சர்டிபிகேட்ல கையெழுத்து உங்களுது மேடம்," என்றார் இன்ஸ்பெக்டர். "கம்பியும் நீங்கதான் எண்ணணும்."

வீட்டில் அவளுக்கு மூன்று வயது மகள்...

"ஒரே ஒரு சோதனை சார்!"

மேஜையில் பதித்த இரும்புப் பிடியான வைஸில் பூட்டியிருந்த தகட்டில் பசையைத் தாராளமாகத் தடவி, மேலே இன்னொரு தகட்டை வைத்தாள்.

"உங்க மச்சானுக்காக... இதைக் கொஞ்சம் அழுத்திப் பிடிங்க சார்."

கான்ட்ராக்டர் அழுத்தினார். ஓரத்தில் பிதுங்கிய பசை உள்ளங்கைக்கு அடியில் பரவியதை அவர் கவனிக்கவில்லை.

அதே பசையால் ஏற்கெனவே ஒட்டிக் காய்ந்த இரண்டு ஜோடித் தகடுகளை எடுத்தாள். முதல் ஜோடியை மெஷின் மெதுவாக இழுத்தது. பிரிந்த இரண்டு தகட்டிலும் பசை இழுபட்டு வெள்ளை வெள்ளையாய் நூல்!

அடுத்த ஜோடி மேல் ராட்சதச் சுத்தியல் வீசி இறங்கியது.

டமார்!

நூலே இல்லை. வழவழப்பு.

இன்ஸ்பெக்டர் தன் கையிலிருந்த தகட்டைத் திருப்பினார்.

வழவழப்பு!

"சாஞ்சு விட்டிருந்தா நூல் இருக்கணும் சார். இது ஓங்கி அடிச்சு உடைச்சது. ஆளைத் தள்ளிட்டு, அப்புறம் கைப்பிடியை உடைச்சிருக்காரு. பழியை என் பசை மேல போடத்தான் 'மெதுவா'ன்னு எழுதிக் கொடுத்தாரு... அந்த ஒரு வார்த்தையிலதான் மாட்டிக்கிட்டாரு!"

"அவன் உயிரோட இருந்தா என் கள்ளக்கணக்கைக் காட்டி என்னைத்தான்யா உள்ள தள்ளியிருப்பான்!"

கத்திக்கொண்டே கான்ட்ராக்டர் வாசலுக்குப் பாய்ந்தார்.

பாய முடியவில்லை... உள்ளங்கை தகட்டோடு, தகடு வைஸோடு, வைஸ் மேஜையோடு!

இன்ஸ்பெக்டர் விலங்கை உருவினார்.

"அது எதுக்கு சார்?" சம்மட்டி முதல்முறையாகச் சிரித்தாள். "ஆறு மணி நேரம் ஆள் அசைய மாட்டாரு... வேணும்னா சர்டிபிகேட் எழுதி, கையெழுத்தே போட்டுத் தர்றேன்!"