பெரட்டுக் களத்துப் பிரீஅம்ப்

இசைத்தட்டு சுழலவில்லை. ஊசி தாங்கியில் கிடந்தது. ஆனாலும் வலதுபக்க ஒலிபெருக்கியில் யாரோ வெறுங்காலோடு சிமெந்துத் தரையில் இரண்டடி நடந்து நின்றார்கள்.

“கேட்டுச்சா ஷிராஸ்?”

“வால்வு சேர்.” ஷிராஸ் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தான். அந்தச் சத்தமும் ‘டங்’கென்று ஒலிபெருக்கியில் வந்தது. “பழைய வால்வு, மைக் மாதிரி. ரூமுக்குள்ள என்ன சத்தம் ஈந்தாலும் புடிச்சுக் குடுக்கும். காலடி உங்கடதாத்தான் ஈக்கும்.”

விஜேந்திரன் அரைமணி நேரமாகக் கதிரையை விட்டு எழும்பவில்லை. ஆனால் தெரியாது என்று காட்டிக்கொள்வது அவருக்குப் பழக்கமில்லை. “ம். எதிர்பார்த்ததுதான்” என்றார்.

பதுளையில் ஓர் அரச அலுவலகத்தின் தலைமை எழுதுவினைஞர் அவர். ‘ஊவா செவிச்செல்வர் வட்டம்’ என்ற வட்ஸ்அப் குழுமத்தின் நிறுவுநரும் அவரே. உறுப்பினர் ஐந்து பேர். அதில் ஒன்று அவருடைய இரண்டாவது இலக்கம். நல்ல பிரீஅம்ப், அதாவது பெரிய அம்ப்புக்கு முன்னால் நின்று ஒலியைப் பக்குவப்படுத்தும் பெட்டி, ஒலியைக் கூட்டுவதற்கல்ல, மௌனத்தைக் கறுப்பாக்குவதற்கு என்று அங்கே எழுதியிருந்தார். மூன்று பேர் பெருவிரலைத் தூக்கினார்கள். ஒரு விரல் அவருடையது.

கறுப்பு மௌனம் அவருக்கு எதற்கு என்று அங்கே எழுதவில்லை. எட்டு மாதமாக அம்மா கட்டிலோடு கிடந்தாள். பாரிசவாதம் சொற்களை எல்லாம் வாங்கிக்கொண்டு ஒரு முனகலை மட்டும் விட்டுவைத்திருந்தது. பொழுது சாய்ந்தால் தொடங்கும், பத்து நிமிடத்துக்கு ஒன்று, விடியும் வரை. அவரும் மனைவி நிரஞ்சலாவும் முறைவைத்துப் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, ஊட்டி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் அலுத்துப்போயிருந்தார்கள். அந்த முனகலுக்கும் தனக்கும் நடுவே ஒரு சுவர் வேண்டும். பெட்டி வடிவில் கிடைத்தாலும் சரி.

விடுதியை நடத்தும் ஷிராஸ் விற்பதற்காக மேசையில் வைத்திருந்தவை இரண்டு பெட்டிகள். வெள்ளி நிற டிரான்சிஸ்டர் பெட்டியில் குமிழைத் திருகினால் சரசரப்பில்லை, இரைச்சலில்லை, குறைசொல்ல ஒன்றுமில்லை. அதனாலேயே அவருக்கு அது பிடிக்கவில்லை. கறுப்புப் பெட்டியின் தலையில் நான்கு கண்ணாடிக்குழல் வால்வுகள் செம்மஞ்சளாகக் கனன்றன.

“இன்னுங் கொஞ்சம் சூடாகட்டும் சேர். கெஸ்ட் வந்தீக்கிறாங்க, பாத்துட்டு வாறேன்.” ஷிராஸ் போய்விட்டான்.

அப்புத்தளைச் சரிவில் நிற்கும் இந்த விடுதியின் பலகையில் ‘பாரம்பரிய பங்களா’ என்று எழுதியிருந்தது. எந்தத் துரையும் இங்கே படுத்தெழும்பியதில்லை. இது பெரட்டுக் களம். விடியற்காலையில் தேயிலைத் தோட்டத்து லயத்துச் சனம் வரிசையாக நின்று, கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடக் குரல் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறிய கொட்டகை. உள்ளே கால் வைத்ததுமே விஜேந்திரனுக்குத் தெரிந்துவிட்டது. சொல்லவில்லை. பதுளையில் கேட்பவர்களிடம், தங்கள் குடும்பம் ‘தோட்ட நிர்வாகம்’ என்றே சொல்லிவைத்திருந்தார்.

பிற்பகல் நான்கு மணிக்கே மூடுபனி வந்து கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டது. வால்வின் சூட்டோடு தூசி கருகும் வாசனை எழுந்தது. அதற்கடியில், கொஞ்சம் கொஞ்சமாக, கொழுந்து பறிப்பவர்கள் இடுப்பில் கட்டும் நனைந்த படங்குச் சாக்கின் வாடையும் வெற்றிலையும். ஒலிபெருக்கியில் ஒரு காலடி. பிறகு பல. இருமல். கூடைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம். நிறையப் பேர் குளிரில் மூச்சு விட்டார்கள்.

அவர் ஒலிக்குமிழைப் பூச்சியம் வரை திருகினார். சத்தம் குறையவில்லை.

“தனலெட்சுமி.”

“வந்துட்டேங்க.”

மரம் விழுந்து செத்த தனலெட்சுமி. 

“நல்லையா.”

“வந்துட்டேங்க.”

போன வருடம் போனவர். அலுவலகத்தில் கணக்காய்வு என்று பொய் சொல்லி விஜேந்திரன் அந்தச் சாவுக்குப் போகவில்லை.

குரல்கள் ஒவ்வொன்றாக. எல்லாம் தெரிந்த குரல்கள். எல்லாம் புதைத்த குரல்கள்.

“கருப்பம்மா.”

அம்மா.

பதிலில்லை. இருக்க முடியாது. அம்மா பதுளையில், கட்டிலில், உயிரோடு. விஜேந்திரன் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

“கருப்பம்மா.”

மூன்று தரம் கூப்பிட்டும் குரல் வராவிட்டால் பேரை வெட்டிவிடுவார்கள். வெட்டட்டும். இந்த வரிசையில் பேர் வெட்டுப்பட்டால் நல்லது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

“கருப்பம்மா!”

கைக்குழந்தையான தங்கச்சியைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டு அம்மா ஓடிவரப் பிந்தும். அன்றையப் பேரும் கூலியும் போகாமலிருக்க, பெண்களின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நின்று சிறுவன் விஜேந்திரன்தான் குரல் கொடுப்பான். ஏழு வயதில். எத்தனையோ காலை.

“வந்துட்டாங்க!”

சொல்லிவிட்டார். பழக்கம், வாய் முந்திவிட்டது என்று நினைத்துக்கொண்டார். அலுப்பாகவும் இருக்கலாம் என்று உள்ளே ஒன்று சொன்னது. அதைக் கேட்காதது போல இருந்தார்.

காகிதத்தில் பென்சில் கீறியது.

கைப்பேசி அடித்தது. நிரஞ்சலா.

“ஏங்க… அத்தை பேசுனாங்க.”

“என்ன?”

“‘வந்துட்டேங்க’ன்னாங்க. தெளிவா. சின்னப் புள்ள மாதிரி சிரிச்ச முகம். அப்புறம்…” அவள் விம்மினாள். “மூச்சு இல்லீங்க. ஒடனே வாங்க.”

எழும்பினார்.

“விஜேந்திரன்.”

கைப்பேசியிலிருந்து அல்ல.

இரண்டு கையாலும் வாயைப் பொத்தினார். முடியாது. சொல்லமாட்டேன். குனிந்து, கறுப்புப் பெட்டியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார். வால்வு உடனே சாகாது. சூடு தணியும் வரை இன்னும் சில விநாடி பாடும். அதை அவரே குழுமத்தில் எழுதியிருக்கிறார், பெருமையாக.

“விஜேந்திரன்.”

செம்மஞ்சள் மங்கியது. ஒரு வால்வு அணைந்தது. இரண்டு. மூன்று.

“விஜேந்திரன்!”

வாயை இன்னும் இறுகப் பொத்தினார். பல் உதட்டில் பதிந்தது. குரல் வரவில்லை. ஒரு சொட்டுக் குரலும் வரவில்லை.

கடைசி வால்வில் நூலளவு சிவப்பு.

ஓடிவந்து மூச்சிரைக்கும் ஒரு பெண்ணின் குரல், ஒலிபெருக்கியில், அவர் காதுக்கு அருகே, அன்பாக:

“வந்துட்டானுங்க. எம் மகந்தான்.”

பென்சில் கீறியது. வால்வு அணைந்தது. இருண்ட அறையில், ஒலிபெருக்கியிலிருந்து அல்ல, அவரைச் சுற்றித் தரையில், ஓர் ஆள் நிற்க இடம் விட்டு வெறுங்கால்கள் மெல்ல ஒதுங்கின.